பத்து டாலருக்கு அப்புறம்

2004 கோடையில் அம்மா முதல்முறையாக அமெரிக்கா வந்திருந்தபோது எல்லிஸ் தீவுக்குக் கூட்டிப்போனேன். நியூஜெர்சியில் குடியிருக்கிற எங்களுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் இது ஒரு சடங்கு. ஒரே படகுச் சீட்டில் சுதந்திர தேவி சிலை, எல்லிஸ் தீவு இரண்டும் முடிந்துவிடும். அம்மாவுக்குப் பெரிய சிலையில் அவ்வளவாக ஈடுபாடு இல்லை. "பாவம், எத்தனை நேரம் கையைத் தூக்கிட்டு நிப்பா" என்று சொல்லிவிட்டு நிழல் தேடிப் போய்விட்டாள். ஆனால் எல்லிஸ் தீவு அருங்காட்சியகத்துக்குள் இருந்த சின்ன வெண்கலச் சிலை முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். தொப்பி வைத்துக்கொண்டு, கையில் பையோடு வந்து இறங்குகிற ஒரு பெண்பிள்ளை. யார் இது என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஆனி மூர். அயர்லாந்தின் கார்க் ஊர்க்காரி. 1892 ஜனவரி 1 அன்று இந்தத் தீவில் குடியேற்ற நிலையம் திறந்தபோது முதலில் உள்ளே வந்து பெயர் பதிந்தவள். தம்பிகள் ஆந்தனியையும் ஃபிலிப்பையும் கூட்டிக்கொண்டு 'நெவாடா' என்ற கப்பலில் வந்தாள். டிசம்பர் 20 புறப்பட்டு 31 சாயங்காலம் வந்து சேர்ந்தது, கிறிஸ்துமஸ் நடுக்கடலில். முதல் ஆள் என்பதால் நிலையத்தின் தலைமை அதிகாரி ஜான் வெபர் அவள் கையில் ஒரு பத்து டாலர் தங்க நாணயம் கொடுத்தார். அன்றைக்கே அவளுக்குப் பதினைந்தாவது பிறந்தநாளும்கூட என்று பத்திரிகைகள் எழுதின.

"ஆனியா? ஆனி, ஆடி மாதிரியா?" என்று சிரித்தாள் அம்மா. அப்புறம் சிலையை இன்னொரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சரி, அப்புறம் இவளுக்கு என்ன ஆச்சு? கல்யாணம் ஆச்சா? பிள்ளைகுட்டி?"

ஒரு பழைய கையேட்டில் படித்தது நினைவில் இருந்தது. பெருமையாக எடுத்துவிட்டேன். டெக்சஸ் பக்கம் போய்விட்டாள், அயர்லாந்தின் பெரிய தலைவர் டேனியல் ஓ'கானல் வம்சத்து ஆளைக் கல்யாணம் செய்துகொண்டாள், நியூ மெக்சிகோவில் ஹோட்டல் நடத்தினாள், 1923இல் ஃபோர்ட் வொர்த் பக்கம் டிராம் மோதி இறந்துபோனாள். அம்மா உச்சுக்கொட்டினாள். "அவ்வளவு கடல் தாண்டி வந்து டிராமிலயா போகணும்." ஊருக்குத் திரும்பியதும் திருச்சியில் அக்கம்பக்கம் எல்லோரிடமும் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாள். நயாகராவைப் பற்றிக்கூட அவ்வளவு சொல்லவில்லை என்று அண்ணி பிற்பாடு சொன்னாள்.

அந்தக் கதை முழுக்கத் தப்பு.

டெக்சஸ் ஆனி

2006 செப்டம்பரில் செய்தி வந்தது. வம்சாவளி ஆராய்ச்சி செய்கிற மேகன் ஸ்மோலென்யாக், குடியேற்றம் பற்றிய ஒரு ஆவணப்படத்துக்காக வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது பழைய கணக்கெடுப்புத் தாள்களில் டெக்சஸ் ஆனியைப் பிடித்திருக்கிறார். அந்த அம்மாள் பிறந்ததே இல்லினாய்ஸில். கப்பல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அப்படியென்றால் உண்மையான ஆனி யார்? கண்டுபிடித்துத் தருபவருக்கு 1,000 டாலர் பரிசு என்று ஸ்மோலென்யாக் இணையத்தில் அறிவித்தார். ஆறே வாரம். நியூயார்க் நகர ஆவணத் துறை ஆணையர் பிரையன் ஆண்டர்சனும் சேர்ந்து தேட, தம்பி ஃபிலிப்பின் குடியுரிமைத் தாளைப் பிடித்து, அதிலிருந்து குடும்பத்தைப் பிடித்து, அக்காவிடம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

உண்மையான ஆனி எங்கேயும் போகவில்லை. அப்பா மேத்யூவும் அம்மா ஜூலியாவும் பிள்ளைகளில் சிலரோடு சில வருஷம் முன்பே வந்து மன்ஹாட்டனின் கீழ்க்கிழக்குப் பகுதியில் மன்ரோ தெரு 32ஆம் எண்ணில் இருந்தார்கள். அங்கேதான் வந்து சேர்ந்தாள். 1895இல் பக்கத்து செயின்ட் ஜேம்ஸ் கோயிலில் கல்யாணம். மாப்பிள்ளை ஜோசஃப் அகஸ்டஸ் ஷேயர், ஜெர்மனியிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பத்துப் பையன், ஃபுல்டன் மீன் சந்தையில் விற்பனையாள். குறைந்தது 11 பிள்ளைகள் பெற்றாள். 1924 டிசம்பர் 6 அன்று இதயம் நின்றுபோய் இறந்தபோது அவளுக்கு வயது 50. வீடு, செர்ரி தெரு 99. மன்ரோ தெருவுக்கு அடுத்த தெருதான் செர்ரி தெரு. பத்திரிகைகள் சொன்ன பிறந்தநாளும் பொய். 1874 ஏப்ரல் 24 அன்று பிறந்தவள். எல்லிஸ் தீவில் இறங்கியபோது பதினேழு முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

டெக்சஸ் ஆனியின் வாரிசுகளைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. குடும்பத்தில் யாரோ சொன்னதை நம்பினார்கள். எல்லிஸ் தீவு விழாக்களுக்கும் அயர்லாந்துக்கும் அவர்களை அழைத்துப் பெருமைப்படுத்தினார்கள். எனக்கு உறுத்தியது வேறு. இத்தனை வருஷம் யாருக்கும் சந்தேகம் வராததற்குக் காரணம் அந்தக் கதை கதைமாதிரியே இருந்ததுதான். மேற்கே போகிறாள், பெரிய வம்சத்தில் வாழ்க்கைப்படுகிறாள், சொந்தமாகத் தொழில் நடத்துகிறாள், சாவுகூட நடுத்தெருவில் நாலு பேர் பார்க்க. இந்த நாட்டுக்கு நகர்ந்துகொண்டே இருப்பவர்களைத்தான் பிடிக்கும். இறங்கின இடத்திலேயே முப்பத்திரண்டு வருஷம் இருந்து, வருஷம் தவறினால் ஒரு பிரசவம் என்று வாழ்ந்தவளை வைத்துக் கையேட்டில் என்ன எழுதுவது? நானும் அப்படித்தான் யோசித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். செய்தியைப் படித்து முடித்ததும் முதலில் வந்தது ஒரு ஏமாற்றம்.

எத்தனை தங்குச்சு?

ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். ஊர் முழுக்கச் சொன்ன கதையைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்படி ஆகிவிட்டதே என்று எனக்குக் கொஞ்சம் கூச்சம். அம்மாவுக்கு அதெல்லாம் இல்லை. ஹோட்டல் போனது, டிராம் போனது, ஓ'கானல் வம்சம் போனது எதற்கும் வருத்தப்படவில்லை. தெரு விவரத்தைக் கேட்டதும், "கடல் தாண்டி வந்தவ தெரு தாண்டலையா?" என்றாள். பதினொரு பிள்ளைகள் என்றதும் ஒரு நிமிஷம் பேச்சு நின்றது.

"பெத்தது பதினொண்ணு. சரி, எத்தனை தங்குச்சு?"

செய்தியில் அது இருந்தது, நான்தான் அதன்மேல் கண்ணை ஓட்டிவிட்டு வந்திருந்தேன். "அஞ்சு" என்றேன். "ம்" என்றாள். அந்த 'ம்' எனக்கு இன்றுவரை காதில் இருக்கிறது. அம்மாவுக்கு இரண்டு எண்ணும் ஒரே மூச்சில் வந்துவிட்டது. பெற்றது எத்தனை, தங்கினது எத்தனை. அவள் தலைமுறைப் பெண்கள் ஒரு குடும்பத்தைப் பற்றி விசாரிக்கிற முறையே அது. முதல் எண்ணைச் சொல்லி நிறுத்திவிட்டால் பதில் பாதிதான் வந்திருக்கிறது என்று காத்திருப்பார்கள்.

அதற்குப் பல வருஷம் கழித்து வேறு ஏதோ தேடும்போது 1900, 1910 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாளின் நகலைப் பார்த்தேன். வீடு வீடாகப் போன கணக்காளர் நிரப்பவேண்டிய கட்டங்களில் பெண்களுக்கென்றே இரண்டு கட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில்: எத்தனை பிள்ளைகளுக்குத் தாய், அவர்களில் எத்தனை பேர் உயிரோடு. 1911இல் அயர்லாந்தில் எடுத்த கணக்கெடுப்பிலும் மணமான பெண்களிடம் இதே கேள்வி. கல்யாணமாகி எத்தனை வருஷம், உயிரோடு பிறந்தது எத்தனை, இப்போது இருப்பது எத்தனை. அம்மாவின் கேள்வியை அரசாங்கத் தாளில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். நான் அந்தத் தாளில் ஒரு தெருவை எடுத்துக்கொண்டு மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டே போனேன். 7, 4. 9, 6. 3, 3. 10, 5. முதல் எண் இரண்டாவதைவிடப் பெரிதாக இல்லாத வரி வந்தால் மனசு கொஞ்சம் நிம்மதியாகிறது. அடுத்த வரியில் போய்விடுகிறது. கணக்காளர் அந்த வீட்டு வாசலில் நின்று இதைக் கேட்டிருப்பாரில்லையா? இடுப்பில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று, உள்ளே அடுப்பில் ஏதோ கொதிக்கிறது. "எத்தனை பிள்ளைங்க, எத்தனை இருக்கு?" என்று அந்நியர் ஒருவர் கேட்க, படிக்கட்டில் பக்கத்து வீட்டுக்காரி காதுபட அவள் சொல்லியிருக்க வேண்டும்.

ஆர்ச்சர்ட் தெரு 97

மன்ரோ தெருவுக்கும் செர்ரி தெருவுக்கும் போய்ப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். அந்தக் காலத்து வீடுகளை இடித்து அரசுக் குடியிருப்புகள் கட்டிவிட்டார்கள். அதே செயின்ட் ஜேம்ஸ் பங்கில் வளர்ந்து நியூயார்க் கவர்னராகி 1928இல் ஜனாதிபதி தேர்தலில் நின்ற ஆல் ஸ்மித்தின் பெயர் அங்கே ஒரு குடியிருப்புக்கு இருக்கிறது. (ஆல் ஸ்மித்துக்கும் ஆனிக்கும் நாலு மாதம்தான் வித்தியாசம். கோயில் வாசலில் எதிரெதிரே வந்திருப்பார்கள். ஒருவர் பெயரில் அத்தனை கட்டடம்.) மீன் சந்தையும் 2005இல் பிராங்க்ஸுக்குப் போய்விட்டது. எல்லிஸ் தீவிலேயேகூட, அம்மா நின்ற கட்டடம் ஆனி நுழைந்த கட்டடம் கிடையாது. அவள் வந்தது மரக் கட்டடம், 1897 ஜூனில் எரிந்துபோனது, இப்போது இருப்பது 1900 டிசம்பரில் திறந்தது. இதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அதனால் ஆனி வாழ்ந்த மாதிரி வீட்டைப் பார்க்க வேண்டுமென்றால் கொஞ்சம் வடக்கே ஆர்ச்சர்ட் தெரு 97க்குப் போக வேண்டும். 1863இல் கட்டிய வாடகைக் குடியிருப்பு, இப்போது அருங்காட்சியகம். மூன்று அறை, மொத்தம் 325 சதுர அடி. தெருவைப் பார்த்த முன்னறைக்கு மட்டும் ஜன்னல். அதற்குப் பின்னால் சமையல் அறை, அதற்கும் பின்னால் படுக்கிற அறை. வெளிச்சம் ஒவ்வொரு சுவராகத் தாண்டி உள்ளே வருவதற்குள் தீர்ந்துவிடுகிறது. ஆரம்பத்தில் வீட்டுக்குள் குழாய் கிடையாது. பின்கட்டிலிருந்து தண்ணீரை வாளியில் மாடி ஏற்ற வேண்டும், நிலக்கரியை ஏற்ற வேண்டும், கழிவையும் சாம்பலையும் இறக்க வேண்டும். ஏறி இறங்குகிற பெண் எப்போதும் ஏதாவது ஒன்றைத் தூக்கிக்கொண்டிருப்பாள், வயிற்றில் உட்பட. படிக்கட்டு இருட்டாக இருந்தது. நான் வெறுங்கையோடு நாலாவது மாடிவரை ஏறி மூச்சு வாங்கினேன். இப்படிப்பட்ட கட்டடங்களில் அறைக்கு ஜன்னலும் கட்டடத்துக்குள்ளேயே கழிப்பறையும் வேண்டும் என்று நியூயார்க்கில் கறாரான சட்டம் வந்தது 1901இல். அதற்குள் ஆனிக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம்.

அந்த மாடியில் 1869இல் குடியிருந்த ஒரு அயர்லாந்துக் குடும்பத்தின் வீட்டைத் திரும்ப அமைத்து வைத்திருக்கிறார்கள். ஜோசஃப், பிரிட்ஜெட். ஆச்சரியம், இவர்களும் மூர். ஆனிக்குச் சொந்தம் ஒன்றுமில்லை, கார்க் பக்கம் திரும்பின இடமெல்லாம் மூர்கள்தான் என்பது மாதிரி இங்கேயும் அப்படி. பிரிட்ஜெட்டுக்கு எட்டுப் பிள்ளைகள், எட்டும் பெண். வளர்ந்து ஆளானது நாலு. அந்த வீட்டில் இருந்தபோது ஆக்னஸ் என்ற கைக்குழந்தை ஊட்டம் இல்லாமல் தேய்ந்து இறந்தது. அன்றைக்கு நகரத்தில் விற்ற பாலில் பெரும்பகுதி, சாராய ஆலைக் கழிவைத் தின்ற மாடுகளின் பால். நீலம் பாரித்துத் தண்ணியாக இருக்கும். வெள்ளையாகத் தெரிய சுண்ணாம்புத்தூள் கலப்பார்கள். அம்மா காசு கொடுத்து வாங்கி, கரண்டியால் ஊட்டியது அதுதான். அறையில் ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறார்கள், துக்கவீட்டுக் கோலத்தில். வழிகாட்டி பேசிக்கொண்டிருந்தார். எங்கள் கூட்டத்தில் இருந்த ஒரு இளைஞன் கடிகாரத்தைப் பார்த்தான். நான் அந்தப் பெட்டியின் நீளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினெட்டு இஞ்ச் அரிவாள்மனைப் பலகை இருக்குமே, ஏறக்குறைய அந்த அளவு.

அங்கேதான் எனக்கு அம்மாவின் 'ம்' திரும்ப ஞாபகம் வந்தது. ஆனியின் பதினொன்றில் தங்காத ஆறைக் கழித்தல் கணக்காக வைத்திருந்தேன். ஆறு தடவை இப்படி ஒரு பெட்டி. ஒவ்வொன்றும் அந்தப் படிக்கட்டு வழியாக இறங்கியிருக்கிறது. இறக்கிவிட்டு வந்த மறுநாளும் மீன் சந்தைக்காரர் நடுராத்திரியில் எழுந்து வேலைக்குப் போயிருப்பார். சந்தை விடியுமுன் தொடங்குகிற தொழில். அவருக்கு யாராவது காபி போட்டிருக்க வேண்டும். மிச்சமிருக்கிறதுகள் பசி என்று எழுந்திருக்கும்.

நியாயமாகச் சொல்வதானால் ஆனியின் காலத்தில் பிரிட்ஜெட்டின் காலத்தைவிட நிலைமை மேல். 1893இல் நேதன் ஸ்ட்ராஸ் என்ற வணிகர் அந்தப் பகுதியிலேயே காய்ச்சிப் பதப்படுத்திய பாலை ஏழைகளுக்கு மலிவாகக் கொடுக்கும் நிலையம் தொடங்கினார். தொண்டை அடைப்பான் நோய்க்கு எதிர்மருந்து வந்துவிட்டது. அப்படியும் ஐந்துதான் தங்கியது.

தியாகம் என்கிற சொல்

ஆனியைப் பற்றி இப்போது எழுதுகிறவர்கள் கடைசியில் ஒரு வரி சேர்த்துவிடுகிறார்கள். பின்னால் வந்த தலைமுறைகளுக்காகத் தன்னையே கொடுத்தவள் என்று. இன்றைக்கு அவள் வாரிசுகள் நன்றாக இருக்கிறார்கள், அயர்லாந்து, யூத, இத்தாலிய, ஸ்கேண்டிநேவியப் பெயர்களெல்லாம் கலந்த பெரிய குடும்பம், உண்மைதான். ஆனால் அந்த வரி எனக்குச் செரிக்கவில்லை. தியாகம் என்றால் வேறு வழி ஒன்று கையில் இருந்து, அதை விட்டுக்கொடுத்திருக்க வேண்டும். பதினேழு வயதில் அப்பா அம்மா சீட்டு அனுப்பினார்கள், தம்பிகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். ஊரைவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு அயர்லாந்துக் கிராமங்களில் முந்தின நாள் ராத்திரி கூடி உட்கார்ந்து, செத்தவர்களுக்குக் கண்விழிப்பது போலவே கண்விழித்து அனுப்பிவைப்பார்கள். 1845இல் உருளைக்கிழங்கு நோயில் தொடங்கிய பஞ்சம் பத்து லட்சம் பேரைக் கொன்று, அதைவிட அதிகம் பேரைக் கப்பலேற்றியதிலிருந்து போனவர்கள் போனவர்கள்தான் என்று ஆகிப்போன நாடு. போவது அங்கே வளர்ந்து ஆளாவதில் ஒரு பகுதி. வந்தாள், கட்டிக்கொண்டாள், பெற்றாள். இதில் எந்த இடத்தில் அவளைக் கூப்பிட்டு "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்கள்? அம்மாக்களைப் பற்றி அந்தச் சொல்லை எடுத்துப்போட்டால் மேற்கொண்டு எதுவும் விசாரிக்க வேண்டியதில்லை. நம் ஊரிலும் அன்னையர் தினத்துக்கு அதே சௌகரியம்தான்.

எனக்கு அவள் சிரித்திருப்பாளா என்று தெரிந்துகொள்ள ஆசை. பத்து டாலர் நாணயத்தை என்றைக்கும் கைவிடமாட்டேன் என்று அவள் சொன்னதாகப் பத்திரிகையில் போட்டார்கள். அது வாடகைக்கோ நிலக்கரிக்கோ போயிருக்கும் என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன், போயிருந்தால் சந்தோஷம். கடைசிக் காலத்தில் உடம்பு நன்றாகப் பெருத்துவிட்டதாம். இறந்தபோது பெட்டியைக் குறுகலான படிக்கட்டில் திருப்ப முடியாமல் முன்பக்க ஜன்னல் வழியாக இறக்கினார்கள் என்று குடும்பத்தில் ஒரு கதை இருக்கிறது. அத்தனை வருஷம் ஏறி இறங்கிய படிக்கட்டு. குவீன்ஸில் கால்வரி கல்லறைத் தோட்டத்தில், அவளுக்கு முன்னால் போன பிள்ளைகள் சிலர் இருந்த குழியிலேயே வைத்தார்கள். கல் வைக்கக் காசில்லை. 2008 அக்டோபர் 11 அன்றுதான் அயர்லாந்திலிருந்து வந்த நீலச் சுண்ணாம்புக் கல்லில் ஒரு கெல்டிக் சிலுவை வைத்தார்கள்.

கார்க் துறைமுகத்தில், அவள் கப்பலேறிய இடத்திலும் (அன்றைக்குக் குவீன்ஸ்டவுன், இன்றைக்குக் கோவ்) அவளுக்குச் சிலை இருக்கிறது. அதில் தம்பிகளும் கூட நிற்கிறார்கள். எல்லிஸ் தீவில் அவள் மட்டும். தம்பிகளில் ஆந்தனி இருபதுகளிலேயே இறந்துபோனான். ஐம்பது வயது ஆனிக்கு எங்கேயும் சிலை இல்லை. கனத்த உடம்பும் கையில் வாளியுமாக மாடி ஏறுகிற பெண்ணை யார் வெண்கலத்தில் வார்க்கப்போகிறார்கள்.

போன தடவை திருச்சிக்குப் போயிருந்தபோது மத்தியானம் நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டு அம்மா கூடத்தில் பக்கத்து வீட்டு ராஜியக்காவிடம் பேசிக்கொண்டிருந்தாள். ஆனி கதைதான். தங்க நாணயம் ஒரு வரியில் முடிந்தது. டிராம் இல்லை. "பதினொண்ணு பெத்தா ராஜி. தங்குனது அஞ்சு. பொட்டி படிக்கட்டுல இறங்காம ஜன்னல் வழியா இறக்குனாங்களாம்."

"புருஷன் என்ன பண்ணினாரு?"

"மீன் மார்க்கெட்ல வேலை."

ராஜியக்கா கொஞ்சம் யோசித்தாள். "அப்ப வீட்ல மீனுக்குப் பஞ்சமிருந்திருக்காது" என்றாள். "ஆயறதும் இவதானே ஆஞ்சிருப்பா" என்றாள் அம்மா.